நான்காம் மாடியில் ஒரு கண்

மின்தூக்கி பழுது பார்ப்பவனுக்குக்
கட்டடம் என்றால் உட்புறம்தான்.
இரும்புக் கயிறு, மசகு, குழியில் தேங்கிய இருட்டு,
என்றோ யாரோ தவறவிட்ட ஒற்றைச் சாவி.
வெளிச்சுவர் என்ன நிறம் என்று கேட்டால்
விழிப்பேன்.

வால்பரைசோவில்தான் முதலில் இடறியது.
மலையேறும் பெட்டி பாதியில் நின்றுவிட
கருவிப்பையோடு படிகளில் இறங்கினேன்,
நூற்று அறுபது வரை எண்ணிக்கொண்டு.
கீழே போய் அண்ணாந்தபோதுதான் தெரிந்தது
நான் மிதித்து வந்தது ஒரு பெண்ணின் கூந்தல்.
ஏறுகிறவர்களுக்கு மட்டும் காட்டும் முகம்.
பக்கத்தில் ஈரச் சுவரில் சாய்ந்து உறங்கிய நாய்
விலாவில் நீலத்தோடு எழுந்து
மீன்கடைப் பக்கம் போனது.

திபிலிசியில், சுரங்கப்பாதையில்,
நகராட்சி ஆள் ஒருவர்
கிறுக்கல்களின் மேல் சாம்பல் பூசிக்கொண்டிருந்தார்.
போன மாதச் சாம்பலோடு இந்த மாதச் சாம்பல் ஒட்டவில்லை.
சதுரம் சதுரமாய் மழைக்கு முந்தைய வானம்.
இரண்டடி தள்ளி நின்று
தலை சாய்த்துப் பார்த்தார்;
திரும்ப வந்து
ஓர் ஓரத்தை மட்டும் சரிசெய்தார்.

பிறகு வூட்ச்.
படகு என்று பொருளாம்.
ஆறுகளையெல்லாம் தெருவுக்கடியில் புதைத்துவிட்டுப்
பெயரை மட்டும் மிதக்கவிட்ட ஊர்.
மூன்று நாள் ஒரே வீட்டின் வயிற்றுக்குள் கிடந்தேன்.
மரை ஒன்று வாங்கப் போய்
தவறான டிராமில் திரும்பி
பின்பக்கம் இறங்கினேன்.

இடித்த வீட்டின் வெற்றிடம். நாலைந்து கார்கள்.
அதற்கு மேலே
ஐந்து மாடிக்கு ஒரு மீன்.
செதில்களில் பழைய செங்கல் அப்படியே விட்டிருந்தது.
மழைநீர்க் குழாய் ஒரு மீசை.
கண் இருக்க வேண்டிய இடத்தில்
நிஜமான ஜன்னல்,
நிஜமான திரை,
திரைக்கு இந்தப் பக்கம் ஒரு வெங்காயத் தாள் செடி.
நெடுநேரம் கழித்துத்தான் உறைத்தது,
இது என் மின்தூக்கி நிற்கிற வீடு.

நான்காம் மாடியில் கதவைத் தட்டினேன்.
ஹால்ஷ்கா. சலவை இயந்திரக் கையேடுகளை
மொழிபெயர்த்துப் பிழைக்கிறவர்.
“அந்த ஜன்னலா?
என் வீட்டுக்காரர் கடப்பாரையால் போட்டது.
அனுமதி கிடையாது.
அவர் போனபிறகும் கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது:
அடை, அடை, உடனே அடை.
போன வருஷம் தூக்குவண்டியில் ஒரு பெண் வந்தாள்,
தோளெல்லாம் பச்சை.
இதை என்ன செய்யட்டும் என்றாள்.
எது வேண்டுமானாலும் செய், அடைக்காதே என்றேன்.
அப்புறம் கடிதமே இல்லை.
மீனைக் குருடாக்கிய அதிகாரி என்று
பேர் வாங்க எவருக்கு ஆசை?”

சிரித்து முடித்து, முழங்காலைத் தடவி,
“எப்படி இருக்கிறது?” என்றார்.

அறுவைக்குப் பிறகு படி ஆகாது.
மின்தூக்கி நின்றது அதற்கும் முன்னால்.
கீழே யார் யாரோ கைபேசி உயர்த்துகிறார்கள்,
பாத்திரம் கழுவும் இவர்
கையசைக்கிறார்.
அவ்வளவுதான் இவருக்குத் தெரிந்த மீன்.

சொல்லிப் பார்த்தேன். பச்சை என்றேன், பெரிது என்றேன்.
எனக்கே சப்பென்றிருந்தது.
இறங்கிப் போய்
விடிய விடிய வேலை செய்தேன்.

மறுநாள் மாலை பெட்டி முனகியது, அசைந்தது.
ஹால்ஷ்கா உதட்டுச்சாயம் பூசிக்கொண்டார்.
“நீங்கள் இங்கேயே இருங்கள்.
கண் வெறுமையாக இருக்கக் கூடாது.
நான் சொல்லும்போது விளக்கைப் போடுங்கள்.”

அடுக்களையில் தனியாக நின்றேன்.
குழிக்குள் கயிறு சீராக ஓடும் சத்தம்.
அப்புறம் கீழே, கார்களுக்கு நடுவே,
ஒரு சின்ன உருவம்
ஊன்றுகோலை உயர்த்தியது.

போட்டேன்.
அணைத்தேன்.
போட்டேன்.
இன்னொரு முறை என்று கோல் கேட்டது.

எத்தனை முறை இமைத்தேன் என்று தெரியாது.
எனக்குப் பின்னால்
அவர் வைத்துவிட்டுப் போன பீட்ரூட் சூப்
பொங்கி
அடுப்பெல்லாம் சிவப்பு.