கழித்தல் தொண்ணூற்றொன்பது

காலையிலிருந்து மெடிச்சினாவில் மூடுபனி.
ஆண்டெனாக்கள் நின்ற இடத்தில் வெள்ளை.
கோதுமை விதைத்த வயலைக் காணோம்,
வயலைக் கடந்து போகும் சாலையையும் காணோம்.
அதனால் வேலை நிற்காது;
வானொலி அலைக்கு மூடுபனி ஒரு பொருட்டல்ல.
உள்ளே ஐந்து பேர், கனைக்கிற ஒரு ஹீட்டர்,
வெண்பலகையில் முப்பத்தெட்டுப் பத்தித் தலைப்புகள்.
நாற்பதைத் தாண்டக் கூடாது என்று
எர்சிலியா கோட்டைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டாள்.

பெயரில் தகராறு இல்லை.
வானத்தில் நிற்கும் இடம்தான் பெயர்.
முகவரியையே பெயராக வைத்துக்கொண்டவர்களால்
வீடு மாற முடியாது.
அடுத்து பிரகாசம். அதன் பக்கத்திலேயே பிரகாசத்தின் பிழை.
தன் பிழை எவ்வளவு என்று சொல்லாத எண்ணை
ஃபுல்வியோ உள்ளே விடமாட்டார்.
மதியச் சாப்பாட்டையே அவர்
பன்னிரண்டரை, கூட்டல் கழித்தல் பத்து என்றுதான் சொல்வார்.

சண்டை வந்தது இல்லாததைப் பற்றி.

ஓர் இடத்தைப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை.
அங்கே என்ன எழுதுவது?
பூஜ்யம் என்றாள் போக்னா, டோருனிலிருந்து வந்தவள்.
பூஜ்யமும் ஓர் அளவு, அளக்காமல் எழுதாதே
என்றார் ஃபுல்வியோ.
காலியாக விடுவோமே, இது லாப்போ.
காலி என்றால் என்ன அர்த்தம்?
பார்க்கவே இல்லையா,
பார்த்தும் கிடைக்கவில்லையா,
கிடைத்ததை எழுத மறந்தோமா?
மூன்றுக்கும் ஒரே வெள்ளைக் கட்டமா?

பழைய அட்டவணையில்
கழித்தல் தொண்ணூற்றொன்பது என்று போட்டிருந்தோம்.
எதுவும் அப்படி ஒளிர முடியாது,
பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தோம்.
ஒரு மாணவன் அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தான்.
ஒளியைக் கொடுக்காமல் வாங்குகிற
ஒரு விண்மீன் மண்டலக் கூட்டத்தைக் கண்டுபிடித்தான்.
நான்கு இரவு தூங்கவில்லை, பாவம்.
ஐந்தாம் நாள் போய்ச் சொன்னது நான்.

ஆகவே மேல்வரம்பு என்றொரு பத்தி:
‘இருந்தாலும் இதற்கு மேல் இருக்காது.’
எந்தக் கூட்டத்திலும் இவ்வளவு நேர்மையாக
யாரும் பேசி நான் கேட்டதில்லை.
முப்பத்தொன்பது.

மிச்சம் ஒன்று.
போக்னாவுக்கு முனைவாக்கம் வேண்டும்.
எர்சிலியாவுக்குத் தூரம்.
தூரம் நமக்குத் தெரியாதே என்றோம்.
தெரியாது என்று எழுத இடம் வேண்டாமா என்றாள்.

அதுவரை பேசாதிருந்த நிவெஸ்
பச்சை அட்டை போட்ட நோட்டை மேசையில் வைத்தாள்.
இருபத்தோராயிரம் படங்களையும்
ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தவள்.
‘இரட்டையோ?’
‘பக்கத்து மூலத்தின் வால்.’
‘விமானமாக இருக்கும்.’
‘என்னவென்று தெரியவில்லை. ஆனால் அழகு.’
இதற்கு ஒரு பத்தி, எண்பது எழுத்து போதும் என்றாள்.

வரிசைப்படுத்த வராது என்றான் லாப்போ.
கூட்டவும் வராது, கழிக்கவும் வராது.
ஃபுல்வியோ மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்:
சரி, இதன் பிழை?

நான்தான் என்றாள் நிவெஸ்.

கொஞ்ச நேரம் ஹீட்டர் மட்டும் பேசியது.
பிறகு எர்சிலியா நாற்பது என்று எழுதி
அடிக்கோடு போட்டாள்.

இரவு அதைக் கணினியில் ஏற்றும்போதுதான் உறைத்தது.
நோட்டில் குறிப்பு இருப்பது ஆயிரத்துச் சொச்சத்துக்கு.
மற்ற இருபதாயிரமும் மறுபடி வெள்ளைக் கட்டம்.
சொல்ல ஒன்றுமில்லையா, பார்க்கவே இல்லையா?
போன் செய்தேன். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.

‘பார்த்தேன்’ என்று போடு என்றாள்.
எல்லாவற்றுக்குமா?
குழாயை மூடினாள்.
கடைசிப் பெட்டியில் பன்னிரண்டை விட்டுவிடு,
அன்று எனக்குக் காய்ச்சல்.