கோஷ்வாரா எண்

வழக்கு நிலுவையில் என்கிறது காவல் நிலையத்துக் கணினி.
இருபத்தேழு வருஷமாக
நிலுவையில் இருக்கிறேனாம் நான்.
விடுதிச் சமையலறை வேலைக்கு
நன்னடத்தைச் சான்று கேட்டுப் போனவளிடம்
திரையைத் திருப்பிக் காட்டினார்கள்,
கல்யாணப் பெண்ணுக்குக் கண்ணாடி காட்டுவதுபோல.

தீஸ் ஹஸாரியில் இறங்கினேன்.
அப்போது மெட்ரோ கிடையாது.
ஜங்புராவிலிருந்து இரண்டு பஸ், இடுப்பில் பிள்ளை.
நீதிபதி காகிதத்தை விட்டு முகம் எடுக்காமல்
என்னவோ வாசித்தார்.
வெளியே வந்து வக்கீல் ஒரே சொல் சொன்னார்:
பரி.
அவர்கள் பாஷையில் விடுதலை.
என் பாஷையில் குதிரை.
குதிரையாகத்தான் ஓடினேன் அன்றைக்கு,
நின்று ஒரு காகிதம் கேட்கத் தோன்றாமல்.
வந்த பரி ராத்திரியில் நரியாகி
லாயத்தைக் குதறும் என்பது
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
மதுரைக்காரி நான்.

வேப்பமரத்தடி டைப்பிஸ்ட் இக்ரார் கேட்டார்,
"எண்?"
வழக்கு எண் சொன்னேன்.
"அது போதாது. கோஷ்வாரா எண்."
ஏதோ நெய்ப் பலகாரத்தின் பேர் மாதிரி இருந்தது.
முடிந்த வழக்கைக் கட்டிப் போடும்போது
மூட்டைக்கு இடுகிற எண்ணாம்.
அது இல்லாமல் நகல் மனு நகராது.
எண் எங்கே இருக்கும்? பேரேட்டில்.
பேரேடு? ஆவண அறையில்.
ஆவண அறைக்குள் போக? எண் வேண்டும்.

மூன்றாம் நாள் நேகி மனமிரங்கினார்,
அல்லது மின்விசிறி நின்றுபோன எரிச்சலில்
"நீயே பார்" என்று பேரேட்டைத் தள்ளினார்.
இந்தி பேச வரும் எனக்கு, படிப்பது எழுத்துக்கூட்டி.
ஜன்னல் கம்பியில் ஒரு குரங்கு
என்னைவிட வேகமாக வாசிப்பதுபோல் எட்டிப் பார்த்தது.
செங்கமலம் இல்லை.
கமலா நாலு பேர், ஒருத்தியும் நானில்லை.
செல்லரித்த ஓரத்தில், சாயங்காலம் நாலரைக்கு,
சங் மல், தகப்பன் வீர் பத்ர.

சிரித்துவிட்டேன்.
புருஷன் எனக்குத் தகப்பனாகி
நான் மீசை முளைத்த சேட்டாகி
இத்தனை வருஷம் இந்த அலமாரிக்குள்
கடை வைத்திருந்திருக்கிறேன்.

நகல் வந்தது. நாலு பக்கம், ஊதா முத்திரை.
இக்ரார் வரி வரியாக வாசித்துச் சொன்னார்.
தங்க வளையல் எங்கும் அகப்படவில்லை.
ஆறு வருஷம் வேலை பார்த்தவளின் முழுப் பேர் தெரியாது என்று
குறுக்கு விசாரணையில் வீட்டம்மா.
சந்தேகத்தின் பலன் எனக்கு.
சந்தேகம் அவர்களிடமே.

கடைசி வாக்கியத்தில் அவர் விரல் நின்றது.
"குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டில் கைப்பற்றிய
குழந்தையின் வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி
அவரிடமே திருப்பித் தரப்பட வேண்டும்."

அஞ்சலையின் கொலுசு.
தூங்குகிற பிள்ளையின் காலிலிருந்து கழற்றியது.
போனது போனதென்று நான் கேட்கவே இல்லை.
ஃபரிதாபாதில் ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுபோகிறாள் இப்போது,
ஏழாம் நம்பர் ஷூ.
பரி என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள்
இதையும் போட்டுக் கட்டியிருந்தார்கள்,
யாரும் பிரித்துக் காட்டவில்லை.

வேலைக்கு வேண்டிய காகிதம் கையில்.
மெட்ரோ படி வரைக்கும் போய்த்
திரும்பி வந்தேன்.
"இன்னொரு மனு."
மால்கானாவிலா, இன்னும் இருக்குமா, என்றார்.
எலி தின்னாது வெள்ளியை, என்றேன்.
"எலியைச் சொல்லவில்லை நான்."
தெரியும். அடியுங்கள்.

"எடை?"
ஞாபகமில்லை.
"அடையாளம்?"

கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளைத்து
இவ்வளவு, என்று காட்டினேன்.
அதற்கு எந்த விசையைத் தட்டுவதென்று
இக்ரார் கொஞ்ச நேரம்
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.