கூட்டல் குறி

நோவா ஸ்கோஷியா, டேன்ஜியர் துறை.
பாய் ஏற்றியபோது வானொலி
"பெரும்பாலும் வெயில்" என்றது.
மூன்றாம் தீவுக்குள் மழை வந்து போனது,
ஐந்தாவதில் உன் தொப்பி போனது.

தீவு என்கிறோம்.
கருங்கல் முதுகு, கொஞ்சம் பாசி,
காற்று ஒரே பக்கமாய் வாரிவிட்ட ஊசியிலை மரங்கள்,
நம்மை எண்ணிப் பார்த்துவிட்டு அமிழும் கடல்நாய்கள்.

பிறகு சோழகம்.
பெயர் அதேதான், குணம் வேறு:
இந்தக் கரைக்கு அது பனிமூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வரும்.
முதலில் தொடுவானம் போயிற்று,
பிறகு தீவுகள்,
பிறகு பாய்மர உச்சி.

"இடது" என்றாய்.
"வலது" என்றேன்.
காலையில் தொடங்கிய சண்டையின் மிச்சம் என்று
இரண்டு பேருமே நினைத்தோம்.
வரைபடத்தில் அந்தப் பாறைக்குப் பெயரில்லை,
பென்சில் முனையளவு ஒரு கூட்டல் குறி மட்டும்.

பாயைத் தளர்த்தினோம். காது கொடுத்தோம்.
கயிற்றில் சொட்டும் நீர். உன் மூச்சு.
அதற்கப்பால்
யாரோ பெரிய கிண்ணத்து ரசத்தை உறிஞ்சுவதுபோல்
ஒரு சத்தம், நின்று, மறுபடி.

நல்லவேளை அலை இருந்தது.
கடல் சமர்த்தாய் இருந்த நாளென்றால்
அது வாயே திறந்திருக்காது.

சுக்கானை நீ தள்ளினாயா, நான் தள்ளினேனா,
அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.
வலப்பக்கம், துடுப்பு நீட்டினால் இடிக்கும் தூரத்தில்,
வெள்ளையாய் நுரைத்து, கறுப்பாய் வழிந்து, கடந்துபோனது.

நங்கூரம் போட்ட இடத்தில் சுள்ளென்று வெயில்.
ஈரக் காலுறைகளைக் கம்பியில் மாட்டிவிட்டு
பிளாஸ்க்கைத் திறந்தாய்.
தேநீர் உப்புக் கரித்தது. குடித்தோம்.
பென்சிலை எடுத்து
அந்தக் குறியைச் சுற்றி வட்டம் போட்டாய்,
பக்கத்தில் எழுதினாய்:
"உறிஞ்சுகிறான்."