தடைக்காலத்து நோயாளி

கேஸ் ஷீட்டில் நான் எழுதியது:
கோதண்டன், நாற்பத்தொன்று, காசிமேடு, விசைப்படகு.
கயிறு அறுந்து இரும்புக் கப்பி நெற்றியில் அடித்தது.
நினைவு தப்பவில்லை. வாந்தி ஒருமுறை.

எழுதாதது:
இடது புருவத்துக்கு மேல்
கரண்டி குழிவது போல ஒரு பள்ளம்,
அதில் அவர் மனைவி செண்பகவல்லி
அப்பியிருந்த காப்பித்தூள்.
கழுவி எடுக்கவே அரைமணி ஆயிற்று.

சி.டி. படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன்.
நெற்றி ஒரு சுவரல்ல, இரண்டு.
நடுவே காற்று மட்டும் குடியிருக்கும் அறை.
முன்சுவர் நொறுங்கி உள்ளே விழுந்திருந்தது.
பின்சுவரில் மயிரிழையாய் ஒரு கீறல்.
அதற்கும் அப்பால் மூளை,
பக்கத்து வீட்டுச் சண்டை காதில் விழாதது போல.

"தலையெழுத்து எந்தச் சுவத்துல மேடம் எழுதியிருக்கும்?"
செண்பகவல்லி கேட்டாள்.
கேலியா கவலையா, பிடிபடவில்லை.
"முன்சுவத்துலன்னா போவட்டும் வுடுங்க,
அதுல ஒண்ணும் பெருசா எழுதல."

மறுநாள் குனிந்தபோது மூக்கிலிருந்து சொட்டியது.
சளி இல்லை.
வெள்ளைத் துணியில் ஏந்தினேன்:
நடுவில் சிவப்புப் பொட்டு,
சுற்றிலும் நிறமற்ற ஈர வளையம்.
"தொண்டையில கரிக்குது,
ஆனா கடலு உப்பு இல்ல இது" என்றார்.
ஆய்வுக்கூடம் சாயங்காலம் அதையேதான்
இன்னும் நீளமாகச் சொன்னது.

தலைமாட்டை உயர்த்தினோம்.
மூக்கைச் சிந்தாதீர்கள்.
தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.
முக்காதீர்கள், அதற்கும் மருந்து உண்டு.
காத்திருப்பதும் சிகிச்சைதான் என்று
வகுப்பில் கேட்டபோது தலையாட்டினேன்.
வலை இழுத்த கைகளிடம் அதை
ஐந்து நாள் சொல்லிப் பாருங்கள்.

ஆறாம் நாள் துணி காய்ந்திருந்தது.

காதிலிருந்து காதுக்கு, முடிக்குள்ளேயே கத்தி.
நெற்றித் தோலை முகத்தின் மேல் மடித்தோம்.
ஏழு துண்டுகள்.
ஈரத் துணியில், எடுத்த வரிசையிலேயே.
கடைசித் துண்டு கொடுவாச் செதில் அளவு.
ஏ.சி. சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

இனி ஒரே கேள்வி.
அறையிலிருந்து மூக்குக்கு இறங்கும் வடிகால்
அடைபட்டிருந்தால்
சவ்வைச் சுரண்டி, வயிற்றுக் கொழுப்பை அடைத்து
அறையை நிரந்தரமாக மூட வேண்டும்.
மஞ்சள் சாயத்தை மேலே விட்டேன்.
மூக்கினுள் வைத்த பஞ்சைப் பார்த்தபடி
சிஸ்டர் ரெஜினாள் நின்றாள்.
சாயம் வர எவ்வளவு நேரமானது?
ஒரு நிமிடம் என்கிறது குறிப்பு.
குறிப்பு எழுதியவள் நான்தான், நம்பாதீர்கள்.
"வந்துடுச்சு" என்றாள் ரெஜினாள்.

அறையை அறையாகவே விட்டோம்.
டைட்டானியத் தகடு, பன்னிரண்டு ஆணி.
ஒன்று தரையில் விழுந்து தொலைந்தது,
பதின்மூன்று என்று கணக்கில் எழுது.

பத்தாம் நாள் கண்ணாடி பார்த்தார்.
"துன்னூறு பூசுனா
வேற யாரு நெத்தியிலயோ பூசுற மாரி கீது."
நரம்பு திரும்பலாம், மெல்ல, என்றேன்.
திரும்பாமலும் போகலாம் என்பதைக்
கொஞ்சம் சின்னக் குரலில்.

வலிக்காவிட்டாலும் வர வேண்டும்.
அந்த அறைக்குள் சளிப்பை ஒன்று
ஓசையின்றி ஊறி, எலும்பைத் தின்று,
பத்து வருடம் கழித்தும் கண்ணைப் பிதுக்கலாம்.
வருடத்துக்கு ஒருமுறை படம்.
"தடைக்காலத்துல வரேன்" என்றார்.
என் டைரியில் ஏப்ரல் பதினைந்துக்கு
அவர் பெயரைத் தவிர வேறு அர்த்தமில்லை இப்போது.

நான்கு தடைக்காலம் வந்தார்.
ஐந்தாவதில் ஏப்ரல் போயிற்று, மே போயிற்று.
போன் அணைந்திருந்தது.
புறநோயாளி வரிசையில்
ஒவ்வொரு இடது புருவமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் பன்னிரண்டு, பெயிண்ட் வாடையோடு வந்தார்.
படகுக்குப் பச்சை அடித்த கை.
படத்தை அவரே தூக்கிப் பிடித்து,
"கறுப்பா கீதே மேடம்?"
கறுப்பு என்றால் காற்று.
"வெறும் காத்தா?"
வெறும் காற்று.

நாளை மறுநாள் நள்ளிரவு தடை முடிகிறது,
ஐஸ் ஏற்றணும் என்று கிளம்பிவிட்டார்.
ஃபைலில் அவர் கட்டைவிரல் பச்சையாக ஒட்டியிருந்தது.
துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.
அதன் மேலேயே எழுதினேன்:
அடுத்த ஏப்ரல்.