வெள்ளை நிற்குமிடம்

அஸ்தம்பட்டியில் டயர் கடைக்கு மேல்மாடி.
ஒரே மேசை. பச்சைத் துணியில்
சிகரெட் சுட்ட தழும்பு ஒன்று.
மெதுவாகப் போகும் பந்தெல்லாம்
அந்தப் பக்கம் அரை விரல் சாயும்.
இதாயத் அண்ணன் சரிசெய்ய மாட்டார்:
"தெரிஞ்சவங்களுக்கு அது லாபம்தானே."

பகலெல்லாம் எனக்கு ஜவ்வரிசி.
தட்டில் கொட்டி, விளக்கடியில் பரப்பி
எந்த மூட்டை எவ்வளவு வெளுப்பென்று எழுதித் தருவேன்.
லட்சம் வெள்ளை உருண்டைகள்,
ஒன்றின் மேலும் கண் நின்றதில்லை.
இரவில் ஒரே ஒரு வெள்ளை.
அது உருளும்போது மூச்சுவிட மறந்துபோகிறது.

எதிரில் மாதையன். ஏற்காடு பஸ் ஓட்டுகிறவன்.
மலையில், அடுத்த வளைவுக்கு இந்த வளைவிலேயே
ஸ்டியரிங்கைத் தயார் செய்கிறவன்
இங்கே வந்தால் கண்ணில் பட்டதை அடிப்பான்.
இடி மாதிரி விழும். கைதட்டுவார்கள்.
வெள்ளை மட்டும் எங்கோ போய்
ஸ்டாப் இல்லாத இடத்தில் இறக்கிவிட்ட பயணி போல
முழித்துக்கொண்டு நிற்கும்.

இன்று தோற்பவர் மேசை வாடகை. இரண்டு மணி நேரம்.

அவனுக்குச் சிவப்பு மூன்று ஒன்றுதான் பாக்கி.
கோடு போட்டவை எனக்கு:
ஒன்பது, பதினொன்று, பதினான்கு.
பதினான்கு நடு பாக்கெட்டின் உதட்டில்,
ஊதினால் விழும்.
"அதப் போடுக்கா" என்கிறான் ஸ்கோர் எழுதும் பையன்.
போடலாம்தான்.
ஆனால் மாதையனின் மூன்றுக்கு
அந்த பாக்கெட்டை விட்டால் வழியில்லை.
வாசலில் என் செருப்பு கிடக்கட்டும்.

பதினொன்றை எடுக்கிறேன்.
மெல்லிய வெட்டு, வலப்பக்கம் கொஞ்சம் சுழற்சி.
விழுந்த சத்தம் கேட்டது, பார்க்கவில்லை.
விழுந்ததோடு அதன் கணக்கு தீர்ந்தது.
வெள்ளைதான் ஒரு குஷனில் பட்டு, இன்னொன்றில் பட்டு
இன்னும் நடக்கிறது
நில்
நில்
நில்லடி

தழும்புப் பக்கம் சாய்ந்து
மனதில் நான் வைத்த புள்ளிக்கு
இரண்டு விரல் தள்ளிப் போய் நின்றது.

இரண்டே விரல்.
ஒன்பது தெரிகிறது, போடும் கோணம் போய்விட்டது.
ஓங்கி அடித்தால் பத்தில் இரண்டு முறை விழும்.
மாதையன் அந்த இரண்டை நம்பி அடிப்பான்.
எனக்கு மீதி எட்டுதான் கண்ணில் நிற்கிறது.
ஒன்பதின் விளிம்பை உரசி
வெள்ளையைக் குஷன் வரை அனுப்பி
கருப்பு எட்டின் முதுகுக்குப் பின்னால் படுக்க வைத்தேன்.
ஒருவரும் கைதட்டவில்லை.
"இதெல்லாம் ஒரு ஆட்டமா" என்றது ஒரு குரல்.

மாதையன் மேசையை இரண்டு சுற்றுச் சுற்றினான்.
இன்றைக்கு முதல் முறையாக
சாக்பீஸை நிதானமாகத் தேய்த்தான்.
குனிந்தான். குஷனில் அடித்து
பதினெட்டாம் வளைவில் பஸ்ஸைத் திருப்புவது போலத் திருப்பி
மூன்றைத் தொட்டே விட்டான்!
மூன்று ஓடிவந்து
என் பதினான்கை உள்ளே தள்ளிவிட்டு
அதே உதட்டில் தான் உட்கார்ந்துகொண்டது.
இருவருமே சிரித்துவிட்டோம்.
இப்போது வாசலில் கிடப்பது அவன் செருப்பு.

உரசலில் நகர்ந்திருந்த ஒன்பது நேர்கோட்டில்.
போட்டேன். வெள்ளை
பட்ட இடத்திலேயே ஆணியடித்தாற்போல் நின்றது.

இனி எட்டு. மலைப்பக்க மூலை, நீள அடி.
அதற்குப் பிறகு எனக்குப் பந்தில்லை,
பந்தில்லையே தவிர வெள்ளை இருக்கிறது.
அதுவும் கூடவே விழுந்தால் வாடகை என் தலையில்.
ஜன்னலுக்கு அப்பால் மலையில் ஒரு லாரி வெளிச்சம்
ஒரு வளைவில் அணைந்து
அடுத்ததில் முளைத்தது.

அடித்தேன். கருப்பு உள்ளே.
பையன் விசிலடித்தான், இதாயத் அண்ணன் கூடத் தட்டினார்.
மாதையன் தட்டவில்லை.
மேசை விளிம்பில் முகவாயை வைத்து
என்னைப் போலவே
வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அது மெதுவாக
தழும்பைத் தாண்டி
எதிர் மூலைக்கு