கிளீனர் சீட்

மண்ணடி ஜபருல்லா பாங்காக் போய்வரும் குருவி.
எனக்குத் தரவேண்டிய நாலாயிரத்துக்கு
ஒரு பொம்மையைக் கொடுத்தான்.

"அங்க இதுக்கு பிளேன்ல தனி சீட்டு போட்டாங்கோ,
ஓட்டல்ல தனித் தட்டு.
மந்திரம் சொல்லி உள்ள ஒரு உசுர குந்த வச்சிருக்கு.
இப்ப அந்த மோகம் பூட்ச்சி.
பல்லு காட்டுற குட்டிச்சாத்தான் பொம்மைக்குத்தான் கிராக்கி.
இத்த கோயில் வாசல்ல வுட்டுட்டுப் போறாங்கோ."

சாய்த்தால் இமை மூடும். நிஜ முடி.
கழுத்துச் சீட்டில் அதன் பெயர்.
படிக்கத் தெரியாது,
ஆனால் சுழிகளைப் பார்த்தால்
நம் எழுத்துக்குத் தூரத்துப் பங்காளி மாதிரி.
வயிற்றில் குறுக்கே ஒரு தையல்:
மீனம்பாக்கத்தில் தங்கம் தேடிக் கிழித்ததை
காசிமேட்டு வலைக்காரன் ஒருத்தன்
நீல நைலான் நூலால் மூட்டியிருந்தான்.
உள்ளே இருந்தது
அந்த இடைவெளியில் இறங்கிப் போயிருக்கலாம்.
கேட்கத் தோன்றவில்லை.

என் கிளீனர் சுதர்சனம்
தை மாசமே சோறு டெலிவரிக்குப் போய்விட்டான்.
அவன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன்.

எண்ணூர் சாலையில் டிரெய்லர் வரிசை.
முன்னால் நானூறு வண்டி, அதற்கும் முன்னால் கடல்,
கடலுக்கு முன்னால் ஜீரோ கேட்.
நாற்பதடிப் பெட்டி என் முதுகில். காலிப் பெட்டி.
காலியைத் திருப்பிக் கொடுக்க
ரெண்டு ராத்திரி.

செவப்பு கலர் கொடுக்கணுமாம்.
டோல்கேட்டில் ஒரு பாட்டில் வாங்கி
ஸ்ட்ரா போட்டு மடியில் வைத்தேன்.
சாயங்காலம் ஒரு விரற்கடை குறைந்திருந்தது.
வெயில்தான்.
வெயில்தான் என்று அதனிடமே சொன்னேன்.

பின் வண்டி தேசப்பன் எட்டிப் பார்த்தான்:
"இன்னா நைனா, பாப்பாவுக்கு பேட்டா உண்டா?"
சிரித்துவிட்டுப் போனவன்
ராத்திரி பன்னெண்டு மணிக்குப் படியேறி வந்தான்.
"பொண்ணுக்கு நர்சிங் சீட்டு... கேளேன்."
"நீயே கேளு."
கேட்டான். என்னை இறங்கச் சொல்லிவிட்டு.

விடிந்தபோது டேஷ்போர்டில்
பொறை பிஸ்கட்டு, ரெண்டு எலுமிச்சம்பழம்,
யாரோ ஒருத்தரின் தவணை பாக்கி எழுதிய தாள்,
ஒரு சின்ன வளையல்.
வளையல் யாருடையதென்று இன்றுவரை தெரியாது.
வரிசை ஒரு வண்டி நீளம்கூட நகரவில்லை.
யாரும் அதைத் திட்டவில்லை.

நகர்ந்தது மூன்றாம் நாள், நாலேகால் மணிக்கு,
எல்லோரும் தூங்கும்போது.
கேட்டில் டார்ச்சோடு ஒருத்தர்.
காலிப் பெட்டி என்றால் கதவைத் திறந்து காட்ட வேண்டும்.
திறந்தேன்.
வெளிச்சம் உள்ளே போய்
கடைசித் தகரத்தில் முட்டித் திரும்பியது.
அப்புறம் கேபினுக்குள் அடித்தார்.
பாதி குடித்த கலர், நீலத் தையல்,
திறந்தபடி கண்.

"உள்ள எதுனா கீதா?"

முப்பது வருஷமாக இதே கேள்விக்கு
யோசிக்காமல் சொல்லும் பதில் ஒன்று உண்டு.
கையை நீட்டி
அதன் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு சொன்னேன்:
"காலி சார்."