பிரித்த பெட்டி

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்துவிட்டது. துறைமுகத்துக் கப்பல்கள்
சம்பளமில்லா விடுப்பில் நிற்கின்றன.
கடையில் அன்று வேலை பார்த்தது
நானும் ஹீட்டரும் மட்டும்.

ஆர்வோ லஹ்தி வாசலில் பூட்ஸை உதறிவிட்டு வந்தார்.
ரசீது நாலாக மடித்துச் சட்டைப் பையில்.
பதினான்கு நாள் கெடுவில் இது பதிமூன்றாவது என்று
நான் எண்ணுமுன் அவரே சொன்னார்.

"திறக்கமாட்டேன் என்கிறது."

கட்டைவிரலை வைத்தார்.
பக்கவாட்டுப் பொத்தான் ஒருமுறை நடுங்கியது.
மீண்டும் வை என்றது திரை.
வைத்தார்.
ஈரமாக்கிப் பாருங்கள் என்றேன்;
நோட்டு எண்ணுகிறவர் போல நாக்கில் தொட்டு வைத்தார்.
துடைத்துப் பாருங்கள் என்றேன்; துடைத்தார்.
இடது கை. சுட்டுவிரல். சுண்டுவிரல்.
பத்து விரலும் வரிசையில் வந்து
பத்தும் திரும்பிப் போயின.

நாற்பது வருடமாகக் கல் அடுக்குகிறாராம்.
இந்த மேட்டுத் தெருக்களின் புகைபோக்கிகளில்
பாதி என்னுடையவை என்றார்,
பெருமையாக அல்ல, முகவரி சொல்வதுபோல.
சிமென்டும் சுண்ணாம்பும் தின்றது போக
விரல் நுனியில் மிஞ்சியது
பழைய படிக்கட்டின் வழவழப்பு.

எண்ணைப் போட்டுத் திறக்கலாமே?

"கூரைமேல் நின்றுகொண்டு
கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டு
ஆறு எண்ணா?"
ஆனாலும் ஆறையும்
ரசீதின் முதுகில் எழுதித்தான் வைத்திருந்தார்.
கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.
கைநாட்டுத்தான் வரவில்லை.

பெட்டி பிரித்தாயிற்று, ஐயா.
மீண்டும் அடுக்கில் வைக்க நாற்பத்தைந்து டாலர் கட்டணம்.
சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

அவர் அடுக்கைப் பார்த்தார்.
அது என் முதுகுக்குப் பின்னால்
நாலடி தூரத்தில் இருந்தது.
"நானே வைத்துவிடவா?" என்றார்.

சிரிப்பை அடக்கக் கணினிக்குள் முகத்தைப் புதைத்தேன்.
அது காரணம் கேட்டது.
மனம் மாறியது. நிறம் பிடிக்கவில்லை. பழுது.
பழுதென்றால் கட்டணம் கிடையாது.
பழுதை அழுத்தினேன்.
சோதித்து உறுதி செய் என்றது.
ரசீதைத் திருப்பி, ஆறு எண்ணைப் போட்டு,
என் கட்டைவிரலைப் பதியவைத்தேன்.

கதவுக்குப் பின்னாலேயே காத்திருந்ததுபோல்
ஒரே தொடுகையில் திறந்துகொண்டது.

இருவரும் கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்தோம்.
இருபத்து மூன்று வயது, ஊதா நகப்பூச்சு,
இதுவரை எதையும் கட்டாத விரல்.

"சரி, எது பழுது என்று தெரிந்துவிட்டது" என்றார்
ஆர்வோ லஹ்தி.
"மனம் மாறியது என்றே போட்டுக்கொள்.
மாறவில்லைதான். பரவாயில்லை."

உள்ளே ஒரே ஒரு படம் கிடந்தது.
பாதிக் கன்னம், பாதிச் சமையலறை விளக்கு.
தெரியாமல் எடுத்தது.
அழிக்கவா என்றேன்.
"அதற்கும் காசு உண்டா?"
இல்லை.
"அப்படியானால் அழி."

பொத்தான் வைத்த பழைய போனைப்
பையின் அடியில் தள்ளிக்கொண்டு
பனிக்குள் போனார்.

கடை சாத்துமுன் கண்ணாடியைத் துடைத்தேன்.
வெளிச்சத்தில் சாய்த்தால் எங்கும் அவர் விரல்கள்,
வட்டம் வட்டமாக,
உள்ளே ஒரு கோடும் இல்லாமல்.
மற்றவர்களுடையது துணிக்குச் சீக்கிரம் போய்விடும்.
இது போக மூன்று முறை தேய்க்கவேண்டியிருந்தது,
அல்லது நான் மூன்று முறை தேய்த்தேன்.

சனிக்கிழமை ஹாக்கி மட்டையோடு வந்த ஒரு பையன்
பெட்டி பிரித்தது என்பதற்காக
நாற்பது டாலர் குறைத்து வாங்கிப் போனான்.
இவரிடம் வாங்கியது நாற்பத்தைந்து.
ஆக, நாலடி நடந்து வைத்ததில்
கடைக்கு லாபம் ஐந்து டாலர்.
நடந்தது நான்.

பேருந்து நிறுத்தத்தில் அண்ணாந்து பார்த்தேன்.
மேடு முழுக்கப் புகை.
பாதி என்றாரே,
அப்படியானால் ஒன்றுவிட்டு ஒன்று என்று
எண்ணத் தொடங்கினேன்.
பதினேழில் பேருந்து வந்துவிட்டது.